அண்ணன் அடித்த காற்று

அந்த வீட்டுக்குள் போகிறவர்கள் எல்லோரும் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டியிருந்தது. வாசல் அறைக்கும் பின்னால் இருக்கிற சமையலறைக்கும் நடுவே உள்ள நடைவழி ஏற்கெனவே ஒடுக்கம். அதில் பாதியை ஒரு பலகை அடைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றது. நிமிர்த்தி வைத்தால் கூரையில் இடிக்கும் என்பதால் நீளவாக்கில் சாய்த்து, கீழே தரை உரசாமல் இரண்டு பழைய டயர்களைக் கொடுத்திருந்தார்கள்.

பலகை என்றால் மரப்பலகை இல்லை. தடித்த பிளாஸ்டிக் துணிதான். உள்ளே காற்றடித்தால் மரம் போல விறைத்துக்கொள்ளும். தண்ணீரில் போட்டு, மேலே ஏறி நின்று, ஆளுயரத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போகலாம். காற்றை இறக்கினால் சுருட்டி ஒரு பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளலாம். பேடில் போர்டு என்று பையில் எழுதியிருக்கிறது. தெருவில் அதற்குப் பெயர் அண்ணன் பலகை.

சுருட்டினால் ஒரு பைக்குள் அடங்கிவிடுகிற சாமான் எதற்கு இப்படி வழியை மறித்துக்கொண்டு நிற்க வேண்டும்? தேய்த்த துணியை வாங்க வந்தவர்கள் கேட்டார்கள், மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் முழங்கையை இடித்துக்கொண்டு கேட்டார். அண்ணி எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"பாத்து வாங்க."

அண்ணிக்கு அந்த வீட்டு வாசல் அறையிலேயே இஸ்திரிக் கடை. காலையில் பெட்டியைச் சூடேற்றினால் சாயங்காலம் வரை நின்றபடி வேலை. சட்டைக் காலரை உள்பக்கம் ஒரு தடவை, வெளிப்பக்கம் ஒரு தடவை தேய்ப்பாள். வெளிப்பக்கம் மட்டும் தேய்ப்பவர்களை அவள் ஆளாகவே மதிப்பதில்லை. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அதற்குக் காரணம் வாலு. வாலு அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் பஞ்சர் கடை. அண்ணனும் தங்கையுமாக நடத்தியது. அங்கிருந்து நாள் முழுக்க, "அண்ணி, டீ இருக்கா?" "அண்ணி, கத்தரிக்கோலை எடுத்தீங்களா?" என்று அவள் கத்திக் கத்தித் தெருவுக்கே அது பெயராகிவிட்டது.

வாலு என்ற பெயர் சின்ன வயதில் வைத்தது. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள், லாரிச் சக்கரத்தைத் தனியாகப் புரட்டுவாள், ஆனாலும் வாலுதான். கல்யாணம் ஒன்று நடந்து, அது கொஞ்ச காலம்கூட நிற்கவில்லை. பெட்டியோடு திரும்பி வந்த அன்று அண்ணி எதுவும் கேட்காமல், அவள் பெட்டியில் இருந்த துணியையெல்லாம் எடுத்துத் தேய்த்து அலமாரியில் அடுக்கினாள். "வந்ததுதான் வந்த, கசங்கின துணியோடயா வருவே?" என்றது ஒன்றுதான் அவள் சொன்ன வார்த்தை. அன்றிலிருந்து வாலுவுக்கு அண்ணி என்றால் உயிர். அண்ணன் போன பிறகு அவளுக்கு என்று உலகத்தில் இருந்த ஒரே ஆளும் அண்ணிதான்.

பலகை வந்த கதை சின்னது. ஓட்டை விழுந்த பலகையை ஒருவர் பஞ்சர் கடைக்குக் கொண்டுவந்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் அடங்காததால் அண்ணன் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்து, குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்து, டியூபுக்கு ஒட்டுகிற பசையைத் தடவி ஒட்டுப் போட்டார். மறுநாளே ஒட்டு உரிந்து வந்துவிட்டது. அண்ணனுக்குத் தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. இந்தத் துணிக்கு வேறு பசை என்று தெரிந்துகொண்டு, தேடி வாங்கி வந்து, திரும்ப ஒட்டினார். அந்த ஒட்டு நின்றது. கொண்டுவந்தவர் மட்டும் திரும்பவே இல்லை. ஊரை விட்டுப் போவதாகவும் பலகையை அண்ணனே வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்படித்தான் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், டயரைத் தவிர வேறு எதிலும் மனசு வைக்காதவர், விடுமுறை நாளானால் விடிந்ததும் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போக ஆரம்பித்தார். ஏரி வீட்டுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. அங்கே படகு வாடகைக்கு விட்டு, நீச்சலும் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் அவருக்கு நண்பர். முதலில் மண்டிபோடு, பிறகு ஒரு காலை ஊன்று, எழுந்த பிறகு பாதத்தைப் பார்க்காதே, தூரத்தில் பார் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அண்ணன் பாதத்தைப் பார்த்தார், விழுந்தார். பல வாரம் விழுந்தார். நனைந்த கோலத்தில் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருவார். வந்ததும் முதல் வேலை பலகையை நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நிழலில் காயவைப்பது. வெயிலில் வைத்தால் உள்ளே காற்று பெருகிவிடும் என்று பலகைப் பக்கம் வெயில் வந்தால் நாற்காலியைப் போட்டு மறைப்பார். காய்ந்த பிறகு காற்றை இறக்கி, சுருட்டிப் பையில் வைப்பார். தன் சட்டையைக் கொடியில் போடத் தெரியாத மனுஷன்.

"என்னையும் ஒரு நாள் இப்படித் துடைச்சுக் காயப்போடறதுதானே?" என்பாள் அண்ணி.

"நீ சுருட்டினா பைக்குள்ள அடங்க மாட்டியே" என்பார்.

கடைசியாக அவர் ஏரிக்குப் போய் வந்த அன்று மட்டும் காற்றை இறக்கவில்லை. "நாளைக்கும் போறேன், அப்படியே இருக்கட்டும்" என்று நடைவழியில் சாய்த்து வைத்தார். மறுநாள் விடிகாலையிலேயே அவசரமாக ஒரு லாரிக்காரர் வந்து கூப்பிட, ஏரிக்குப் பதில் கடைக்குப் போனார். சக்கரத்தைக் கழற்றியவர் அப்படியே உட்கார்ந்தார்; எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் போய், வீடு காலியான பிறகு, வாலு அந்தப் பலகையைக் கவனித்தாள். காற்றை இறக்கிச் சுருட்டி வைத்துவிடலாம் என்று வால்வு மூடியில் கை வைத்தாள். அண்ணி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். நடந்து வந்தாள் என்று சொல்ல முடியாது.

"தொடாத."

"இல்ல அண்ணி, வழியை அடைச்சுக்கிட்டு..."

"உள்ள இருக்கறது அவர் அடிச்ச காத்து" என்றாள் அண்ணி. "நான் தேய்ச்சுக்கிட்டு நின்னேன். பின்னாடி புஸ்ஸு புஸ்ஸுன்னு பம்ப் சத்தம். காலங்காத்தால பாம்பு வளக்கிறீங்களான்னு இங்கருந்து கத்தினேன். முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சுன்னு அங்கருந்து குரல் குடுத்தார். அந்தக் காத்து. அது இருக்கற வரைக்கும் இருக்கட்டும்."

வாலு கையை எடுத்துக்கொண்டாள். ஆனால் அந்தக் காற்றை அண்ணன் அடிக்கவில்லை. அடித்தவள் வாலு.

அன்றைக்குக் காலையில் அண்ணன் பம்பை நாலு இழுப்பு இழுத்திருப்பார். மூச்சு வாங்கியது. நெற்றியெல்லாம் வேர்வை. தற்செயலாகப் பின்பக்கம் வந்த வாலுவிடம் பம்பைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். "அண்ணிகிட்ட சொல்லாத, இப்பவே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிடுவா. நானே சாயங்காலம் சொல்லிக்கறேன்" என்றார். சாயங்காலம் அவர் சொல்லவில்லை. வாலுவும் சொல்லவில்லை. அண்ணி ஆசையாகக் காதுக்குள் வைத்திருக்கிற அந்தப் புஸ்ஸு புஸ்ஸு, வாலு அடித்தது.

இதை எப்படிச் சொல்வது? காற்று அண்ணனுடையது இல்லை என்று சொன்னால், ஏன் நீ அடித்தாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால், தெரிந்தும் ஏன் மறைத்தாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பதிலே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிற முகத்தோடு அண்ணி ஒரு தடவை பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் தனக்கு இடம் இருக்குமா என்று வாலுவுக்குச் சொல்லத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணிக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் எழுந்ததும் நடைவழியில் நின்று பலகையின் மேல் உள்ளங்கையை வைப்பாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் போய் டீ போடுவாள். கல் போல விறைப்பாக இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

ஆனால் காற்றுக்கு இதெல்லாம் தெரியுமா? அது தன் பாட்டுக்குக் கசிந்துகொண்டிருந்தது. மழைக்காலம் வந்து, வீடு குளிர்ந்து, பலகை தளர ஆரம்பித்தது. முதலில் கண்டுபிடித்தது வாலுதான். டயரைக் கட்டைவிரலால் அழுத்தியே காற்றின் அளவைச் சொல்லிவிடுகிறவளுக்கு இது தெரியாதா? ஒரு நாள் அண்ணியும் உள்ளங்கையை வைத்தவள் எடுக்காமல் நின்றாள்.

"ஏய் வாலு. இது கொஞ்சம் தொய்ஞ்சிருக்கா?"

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும் அண்ணி. டயர்கூட அப்படித்தான். வெயில் வந்தா சரியாயிடும்."

அதில் பாதி நிஜம். மீதிப் பாதிக்காக வாலு ஒரு வேலை செய்தாள். பழைய டியூபின் மூக்கை வெட்டி, பலகையின் வால்வுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு இணைப்புச் செய்தாள். அண்ணி தேய்த்த துணியைக் கொடுக்க வெளியே போன நேரம் பார்த்து, கடையிலிருந்த கம்ப்ரசர் குழாயைச் சமையலறை சன்னல் வழியாக நடைவழிக்கு இழுத்தாள். கைப்பம்பில் அடித்தால் தெருவுக்கே கேட்கும். வழியில் வரும்போதே அண்ணி அந்தச் சத்தத்தைக் கேட்டால் அவ்வளவுதான். கம்ப்ரசர் நாள் முழுக்க ஓடுகிற சாமான், அதன் சத்தத்தை யாரும் கேட்பதே இல்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, திருப்தியாகும் வரை ஏற்றினாள். லாரி டயரை அழுத்திப் பழகிய கட்டைவிரல் அது. அதன் திருப்தியே வேறு.

மறுநாள் காலை அண்ணி உள்ளங்கையை வைத்துவிட்டு, "நீ சொன்ன மாதிரி சரியாயிடுச்சுடி" என்று முகமெல்லாம் மலர்ந்து சொன்னாள். மழைக்காலம் முடிவதற்குள் இன்னும் பல தடவை ஏற்றினாள்.

பிறகு வெயில் வந்தது. அந்த வருஷம் வெயில் சும்மா வரவில்லை. தகரக் கூரை காலையிலேயே சுட ஆரம்பித்தது. வாசல் அறையில் இஸ்திரிப்பெட்டி வேறு. சுவரில் கை வைத்தால் சுவரும் சூடு. மதியத்தில் பாலும் ரொட்டியும் தவிர எதுவும் இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் பலகையிலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மட்டையை முறிக்கிற மாதிரி ஒரு 'டிக்'. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டிக்'. அண்ணி போய்ப் பார்த்தாள். பக்கவாட்டில் நீளமாக ஒட்டியிருக்கும் பட்டை ஓர் இடத்தில் வாய் பிளந்து, உள்துணி புடைத்துக்கொண்டு தெரிந்தது.

வாலுவைக் கூப்பிடாமல் அண்ணி நேரே ஏரிக்கு ஆள் அனுப்பினாள். மாஸ்டர் கழுத்தில் துண்டோடு வந்தார். பலகையைத் தொட்டார், தொட்ட கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"அண்ணி, இதை முதல்ல இறக்குங்க. இப்பவே."

"ஏன்?"

"ஏனா? சீம் விடுது, ஒட்டு பிரியுது. இந்தச் சூட்டுல சாயங்காலம் வரைக்கும் தாங்குனா அதிசயம். கிழிஞ்சுதுன்னா ஒட்டவும் முடியாது, ஒண்ணும் முடியாது. தூக்கிப் போடணும்." அவர் திரும்ப ஒரு தடவை விரலால் தட்டிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணு புரியலை. இத்தனை மாசம் சும்மா நின்னா காத்து குறையணும். இது ரெண்டு மடங்கா இருக்கு. இது என்ன பலகையா, ரயில் சக்கரமா?"

வாலு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் இருந்த கிரீஸ் துணியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இறக்க மாட்டேன்" என்றாள் அண்ணி.

"அண்ணி, சொன்னா கேளுங்க..."

"வெடிச்சா வெடிக்கட்டும் மாஸ்டர். அதுவா போனா போகட்டும். நானா வெளிய விடமாட்டேன்."

மாஸ்டர் வாலுவின் பக்கம் திரும்பி, "நீயாவது எடுத்துச் சொல்லும்மா" என்றுவிட்டுப் போனார். பாவம், யாரிடம் எதைச் சொல்லச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

இஸ்திரிப்பெட்டி மேசை மேல் சூடாகிக்கொண்டே இருந்தது. வாலு போய் அதன் பிளக்கைப் பிடுங்கினாள். பேசாமல் இருந்துவிடலாம். பலகை வெடித்துவிடும், அத்தோடு எல்லாம் முடிந்துவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. அண்ணி மட்டும் தன்னிடம் மிச்சமிருந்த ஒன்றும் போய்விட்டது என்று காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பாள். மறுபடி ஒரு 'டிக்' கேட்டது. அண்ணி குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் அந்தப் பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு வாலுவால் முடியவில்லை.

"அண்ணி, அது அண்ணன் அடிச்ச காத்து இல்ல."

"என்ன?"

"மழைக்காலத்துல காத்து இறங்கிருச்சு. நான்தான் கம்ப்ரசர்ல ஏத்துனேன். நீங்க வெளிய போறப்போ எல்லாம்."

அண்ணி கையை எடுக்கவில்லை. "அதனால என்ன? பாதி உன்னோடது. பாதி அவரோடது. கலந்து இருக்கட்டும்."

வாலு நினைத்ததைவிட இது கஷ்டமாகப் போயிற்று. அங்கேயே நிறுத்திக்கொள்ள அவளுக்கு வழி கிடைத்தது. நிறுத்தவில்லை என்பதுதான் அவளைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்ல விஷயம்.

"பாதிகூட இல்ல அண்ணி. அன்னிக்கும் நான்தான் அடிச்சேன். நீங்க கேட்டது நான் அடிச்ச சத்தம். அண்ணனுக்கு மூச்சு வாங்குச்சு. வேர்த்துக் கொட்டுச்சு. பம்பை எங்கிட்ட குடுத்துட்டு உக்காந்துட்டார். உங்ககிட்ட சொல்லாதேன்னார். நான் சொல்லலை."

அண்ணி பட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

"மூச்சு வாங்குச்சுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அன்னிக்கு ராத்திரி மூணு பேரும் ஒண்ணா உக்காந்துதானே சாப்பிட்டோம். முட்டையில உப்பு இல்லைன்னு எங்கிட்ட உப்பு கேட்ட. நான் எழுந்து போய் எடுத்துட்டு வந்தேன். உப்பு கேக்கத் தெரிஞ்சுது உனக்கு."

"அண்ணி..."

"உப்பு கேக்கத் தெரிஞ்சுது" என்றாள் அண்ணி மறுபடியும்.

பிறகு குனிந்தாள். வால்வு மூடியைத் திருகி எடுத்தாள். அண்ணன் செய்வதைப் பார்த்திருக்கிறாள் போல. உள்ளே இருக்கிற குமிழை விரலால் அழுத்தித் திருப்பினாள். காற்று கத்திக்கொண்டு வெளியே வந்தது. தேய்த்து அடுக்கியிருந்த சட்டைகள் மேசையிலிருந்து பறந்து விழுந்தன. நாள்காட்டி சுவரில் படபடவென்று அடித்தது. ரப்பரும் எண்ணெயும் கலந்த கம்ப்ரசர் நெடி வீடு முழுக்க நிறைந்தது. அதில் அண்ணனுடைய வாசனை எதுவும் இல்லை.

"உன் காத்தை எதுக்கு நான் வீட்டுக்குள்ள வச்சிருக்கணும்?" என்றாள் அண்ணி. சத்தம் அடங்கிய பிறகு கீழே விழுந்த சட்டைகளை எடுத்து, திரும்பத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. நடைவழி அகலமாகிவிட்டது, ஆனாலும் இருவரும் பழைய பழக்கத்தில் ஒருக்களித்தே நடந்தார்கள். வாலு தன் படுக்கையைக் கடைக்குக் கொண்டுபோய் டயர்களுக்கு நடுவே போட்டுக்கொண்டாள். பெட்டியைக் கட்டுவோமா என்றுகூட யோசித்தாள். கட்டிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாததால் கட்டவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் சமையலறையில் அவள் தட்டு மூடி வைத்திருந்தது. ஒரு நாள் அவள் சாப்பிடப் போகவில்லை. அண்ணி, கால்சட்டை வாங்க வந்த டாக்சி டிரைவரைப் பிடித்துக்கொண்டாள்.

"போற வழியில பஞ்சர் கடையில ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. சோறு ஆறிக்கிட்டிருக்கு. என் மேல என்ன கோவம் அவளுக்கு? நான்ல கோவமா இருக்கேன்."

டிரைவர் ஒரு எழுத்து விடாமல் போய்ச் சொன்னார். வாலு கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஆறிய சோற்றை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

விடுமுறை நாள் வந்தது. வாலு நடைவழியில் தொய்ந்து கிடந்த பலகையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அண்ணன் ஒட்டிய மாதிரி ஒட்டிவிட வேண்டும், அப்புறம் அண்ணி என்ன செய்கிறாளோ செய்யட்டும் என்று முடிவு செய்திருந்தாள். நல்ல தண்ணீரில் கழுவினாள். நிழலில் விரித்து, துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தாள். வாய் பிளந்த பட்டையின் உள்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாள். டியூப் பசையை எடுக்கப் போன கை பாதியில் நின்று, அண்ணன் தனியாக வாங்கி வைத்திருந்த டப்பாவை எடுத்தது. மெல்லிசாக ஒரு பூச்சு. அது காயக் காத்திருந்து இன்னொரு பூச்சு. விரலால் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே வந்தாள். இனி மேலே கனம் வைக்க வேண்டும். சக்கரத்தின் இரும்பு வளையத்தைத் தூக்கிப் பார்த்தாள். அதன் ஓரம் கூர். துணியைக் கிழித்துவிடும். செங்கல்லும் ஆகாது.

"இந்தா."

அண்ணி நின்றுகொண்டிருந்தாள். கையில் பழைய கரி இஸ்திரிப்பெட்டி. மின்சாரப் பெட்டி வந்த பிறகு அலமாரி அடியில் கிடந்த சாமான், தூக்கினால் தோள் இறங்கும்.

"சூடு இல்ல, பயப்படாத. அடி மழமழன்னு இருக்கு, கிழிக்காது. வச்சு அழுத்து."

வாலு வாங்கிப் பட்டையின் மேல் வைத்தாள். சரிந்தது. அண்ணி எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கைப்பிடியின் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அழுத்தினார்கள். கொஞ்சம் நகர்த்தி, மறுபடி அழுத்தி. வெயில் சுவரின் உச்சியில் இருந்தது. பலகை வரை இன்னும் இறங்கவில்லை.

"எனக்குக் கோவம் போகலை" என்றாள் அண்ணி.

"சரி அண்ணி."

"போகும்னும் தோணலை."

"சரி."

"எல்லாத்துக்கும் சரி சரின்னா என்ன அர்த்தம்? கையை எடுக்காத, அழுத்து." கொஞ்சம் பொறுத்து, பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எதுல உக்காந்தார்?"

வாலுவுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு. பம்பை உங்கிட்ட குடுத்துட்டு உக்காந்தார்னியே. எதுல?"

"பக்கெட்டைக் கவுத்துப் போட்டு அண்ணி. நீங்க துணி நனைக்கிற நீலப் பக்கெட்டு."

"எந்தப் பக்கம் பாத்து?"

"வீட்டுப் பக்கம். அப்ப நடைவழியில ஒண்ணும் இல்லையே, நேரா வாசல் அறை வரைக்கும் தெரியும். நீங்க தேய்ச்சுக்கிட்டு நின்னீங்க. உங்க முதுகு தெரிஞ்சுது."

"என் முதுகா?"

"ஆமா. பாத்துக்கிட்டே உக்காந்திருந்தார். அடிக்க அடிக்க பம்ப் மீட்டர்ல முள் நகரவே இல்ல, பம்ப் ரிப்பேரான்னு நான் கேட்டேன். இல்லடி, கடைசியிலதான் நகரும், அடி அடின்னார். அப்பதான் நீங்க பாம்பு வளக்கிறீங்களான்னு கத்தினீங்க. அவர் எனக்கு வாயில விரலை வச்சுக் காட்டிட்டு முடிஞ்சிருச்சுன்னார். சிரிப்பை அடக்க முடியலை எங்க ரெண்டு பேருக்கும்."

அண்ணி பெட்டியை நகர்த்தினாள். "மூச்சு வாங்கலையா அப்ப?"

"உக்காந்ததும் நின்னுபோச்சு. நல்லாத்தான் இருந்தார். அதனாலதான் அண்ணி நானும்..." வாலு முடிக்கவில்லை. அண்ணியும் முடிக்கச் சொல்லவில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் ஏரிக்குப் போகலாம்னு எழுந்தவர், உங்க எடை என்னன்னு கேட்டார்."

"என்ன எடையா?"

"உங்க எடை. அண்ணி எவ்வளவு இருப்பான்னார். எனக்கென்ன தெரியும், நான் என்ன அவங்களைத் தூக்கியா பாத்தேன்னேன். நான் தூக்கிப் பாத்திருக்கேன், ஆனா ரொம்ப நாளாச்சுன்னார்."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். வாலுவுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"சொல்லு. எதுக்கு என் எடை?"

"உங்களை முன்னாடி உக்கார வச்சு ஏரியில கூட்டிட்டுப் போகணுமாம். சொன்னா வரமாட்டீங்க, துணி கிடக்குன்னுவீங்க. அதனால முதல்ல பழகிக்கிட்டு, அப்புறம் ஒரு நாள் ஏதாவது பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போறதா இருந்தார். நீங்க பயந்து ஆடினா சாயக்கூடாதில்ல? கடைசி மூணு நாலு வாரமா அதைத்தான் பழகிட்டிருந்தாராம். நம்ம கடைத் தண்ணிக் கேனை ரொப்பி, முன்னாடி வச்சுக் கட்டி, இவர் பின்னால நின்னு தள்ளிக்கிட்டுப் போவாராம். மாஸ்டர்கூடக் கேட்டாராம், தண்ணியில எதுக்குய்யா தண்ணி கொண்டுபோறேன்னு. இது தண்ணி இல்ல, என் வீட்டுக்காரின்னு சொன்னாராம்."

அண்ணியின் கை கைப்பிடியிலேயே இருந்தது. அழுத்தம் மட்டும் போய்விட்டது. அவள் தோள் குலுங்குவதைப் பார்த்து வாலு பயந்துபோனாள். பெட்டியை விட்டுவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவரலாமா என்று பார்த்தாள். அண்ணி நிமிர்ந்தாள். கண்ணிலிருந்து கன்னம் வரை ஈரம், வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"எத்தனை கேன் வச்சார்?"

"ரெண்டு."

"பெரிய கேனா?"

"பெரிய கேன்தான். இருபது லிட்டர்."

"ரெண்டா?" அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மூணு வச்சிருக்கணும்டி. ரெண்டை வச்சுப் பழகிட்டு என்னை ஏத்தியிருந்தா நேரா அடியிலதான் போயிருப்போம் ரெண்டு பேரும்."

வாலு சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அழுதாள். அண்ணி அவளைத் தடுக்கவில்லை. தானும் அழுதுகொண்டு, சரிந்த பெட்டியை நிமிர்த்தி, வாலுவின் கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். அது அண்ணி அவளை மன்னித்துவிட்டதாக ஆகுமா என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு பேருக்கும் அன்றைக்குத் தெரிந்திருக்காது.

"திரும்பச் சொல்லு" என்றாள் அண்ணி.

"கேன் விஷயமா?"

"இல்ல, முதல்ல இருந்து. அவர் பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்தாரே, அங்கருந்து. ஒண்ணு விடாம சொல்லு."